'கேஷ்' நம்ம காசிலிருந்து வந்ததா?

பொன்னித்துறை: "ஆங்கில கேஷ் நம்ம காசுதான், வெள்ளைக்காரன் மதராசில் கேட்டு எடுத்துட்டுப் போனான்" என்று போன வாரம் இங்கே ஒருத்தர் முழங்கியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். கேஷ் முதலில் பணமே இல்லை, பணப்பெட்டி. லத்தீனில் கப்ஸா, இத்தாலியனில் காஸா. ஜான் ஃப்ளோரியோ 1598-லேயே தன் இத்தாலிய-ஆங்கில அகராதியில் பெட்டி என்ற பொருளில் கேஷைப் போட்டுவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600, மதராசுக்கு வந்தது 1639. அப்புறம் யார் எடுத்துட்டுப் போனது?

வைகைக்காரன்: 'ஒருத்தர்' நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தது 1498. உங்க 1598-க்கு நூறு வருஷம் முன்னாடி! போர்த்துகீசியர் காசை 'கைஷா' என்றார்கள். இதற்குப் பதில்?

பொன்னித்துறை: கைஷா என்றால் அவர்கள் மொழியிலேயே பெட்டி. நம்ம காசு காதில் விழுந்ததும் தெரிந்த சொல்லில் பொருத்திக்கொண்டார்கள். 1598-ல் இருப்பது பெட்டி ஐயா, பெட்டி!

செப்புக்காசு: கேஷ் இரண்டு இருக்கு. கம்பெனி மதராசுக்காக 1808-ல் அடித்த இருபது கேஷ் செப்புக்காசு என் சேகரிப்பில் இருக்கு. எண்பது கேஷ் சேர்ந்தால் 'பணம்' என்ற ஒரு சிறு நாணயம், 42 பணம் சேர்ந்தால் வராகன் என்ற ஒரு பொன் நாணயம். அந்த கேஷ் நம்ம காசுதான். சீனாவின் சதுர ஓட்டை நாணயத்துக்கும் ஆங்கிலேயர் அதே பெயரைத்தான் வைத்தார்கள். கடையில் கொடுக்கிற கேஷ் வேறு.

வைகைக்காரன்: பாருங்க, செப்புக்காசு ஐயாவே நம்ம காசுன்னுட்டார்!

பொன்னித்துறை: கடைசி வரியைப் படிக்க மாட்டீங்களா? கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனதை யார் மறுத்தா? உண்மையான பெருமை இருக்கும்போது பொய்ப் பெருமை எதுக்கு?

வடகரை: காசே சமஸ்கிருத கர்ஷம் (ஒரு எடை அளவு) என்று, ஆங்கிலத்தில் புழங்கிய இந்தியச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886-லேயே எழுதியிருக்கே?

வைகைக்காரன்: வந்துட்டாருய்யா! தமிழ்ல எது இருந்தாலும் உங்களுக்கு வடக்கேயிருந்துதான் வரணும். இங்கே 'அரிசி' என்ற சொல் பற்றிய விவாத இழையிலும் இதே வேலைதான்.

வடகரை: அரிசியை எதுக்கு இழுக்கறீங்க? அங்கே என்னைக் கேவலமாப் பேசினது யாரு?

செப்புக்காசு: நாணயத்தைப் பற்றிப் பேசலாமே.

பொன்னித்துறை: காசு எங்கிருந்து வந்தது என்பது என் கேள்வியே இல்லை. 1598-ல் கேஷ் என்றால் பெட்டி. பெட்டி, உறை என்ற பொருளில் வரும் ஆங்கில 'கேஸ்' (case) என்ற சொல்லும் அதே கப்ஸாவிலிருந்துதான். அதையும் தமிழ் என்பீர்களா?

வைகைக்காரன்: 1498-க்கு இன்னும் பதில் வரலை. நூறு வருஷம் சார், நூறு வருஷம்!

பொன்னித்துறை: சொல்லியாச்சு. மேலே ஏறிப் படிங்க.