கோத்தகிரி சரிவில் ரிசீவர்: இரவு 8 மணிக்கு மட்டும் மலை நகருமா?

சரிவுக்காவல்:
கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் மண் நகர்வைக் கண்காணிக்க ஜிபிஎஸ் ரிசீவர் வைத்திருக்கிறோம். எல்1, எல்2 என்ற இரண்டு ஜிபிஎஸ் அலைவரிசையும் வாங்கும். 30 விநாடிக்கு ஒரு பதிவு. பேஸ் (ஒப்பிடுவதற்கு நிலையான இடத்தில் வைத்த ரிசீவர்) மேட்டுப்பாளையத்தில், நேர்கோட்டில் சுமார் 16 கி.மீ. ஆர்டிகேலிப் மென்பொருளில் கைனமேடிக் (ஒவ்வொரு பதிவுக்கும் தனி இடக்கணக்கு), 'ஃபிக்ஸ் அண்ட் ஹோல்ட்' (தீர்மானித்த முழு அலை எண்ணிக்கையைப் பிடித்துவைக்கும் முறை). பகலில் 2 செ.மீ.க்குள் நிற்கிறது. மார்ச் பிறந்ததிலிருந்து இரவு 7.45 வாக்கில் ஃப்ளோட்டுக்கு (அந்த எண்ணிக்கை தீர்மானமாகாத, துல்லியம் குறைந்த நிலை) போகிறது. சில நாள் ஃபிக்ஸ் (தீர்மானமாகிவிட்டது) என்றே காட்டிக்கொண்டு 40 செ.மீ. தள்ளி உட்கார்ந்துவிடுகிறது. நள்ளிரவு தாண்டினால் பழைய இடம். சுற்றிலும் சில்வர் ஓக். மரமா, ரிசீவரா, நிஜமாகவே சரிவா?

அலைக்கணக்கு:
இறங்கிய மண் நள்ளிரவில் திரும்ப மேலே ஏறாது. சரிவை விட்டுவிடுங்க.

மரமா என்பதற்கு ஒரு சோதனை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வந்துவிடும். மரத்தின் மறைப்போ எதிரொலிப்போ என்றால் கோளாறும் 15 நாளில் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்து 6.45-க்கு வந்திருக்க வேண்டும். அஸ்தமனத்தோடு ஒட்டியே நின்றால் அயனி மண்டலம்தான் (வானில் உயரே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கு).

நிலக் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் வந்ததே அதனால்தான். அந்தக் கோட்டை ஒட்டிய பகுதியில் இருட்டியதும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி கரைந்து லேசாகும். மேல் அடுக்கை மின்புலம் இன்னும் உயரே தூக்கும். கனமானது மேலே, லேசானது கீழே: எண்ணெய்மேல் தண்ணீர் நிற்கிற கதை. லேசானது பிளந்துகொண்டு குமிழியாக ஏறும், பிறகு விநாடிக்கு 100 மீட்டர் போல கிழக்கே நகரும். குமிழிக்குள் இருக்கும் சில நூறு மீட்டர் அளவுத் திட்டுகள் சிக்னலைச் சிதறடிக்கும். சில விநாடிக்குள் 20 டெசிபல் கூட விழும். ரிசீவர் ஃபேஸ் லாக்கை (அலையைத் தொடர்ந்து பின்பற்றும் பிடியை) விட்டுவிட்டுத் திரும்பப் பிடிப்பதற்குள் சைக்கிள் ஸ்லிப், அதாவது அலை எண்ணிக்கை தவறிவிடும். நம் தீர்க்கரேகையில் மார்ச்-ஏப்ரலும் செப்டம்பர்-அக்டோபரும் மோசம். தினமும் ஒரே மாதிரி வராது. ஒரு நாள் விட்டும் வரும்.

பழனிமலை_சர்வே:
இரட்டை அலைவரிசை இருந்தால் அயனி மண்டலப் பிழை கழிந்துவிடுமே சார்? இல்லையென்றால் ககனை (செயற்கைக்கோள் வழி ஜிபிஎஸ் திருத்தம் தரும் இந்திய அமைப்பு) ஆன் செய்தால் போதாதா? கொடைக்கானல் பக்கம் கைக்கருவிக்கு அதுதான் எல்லாரும் போடுவது.

அலைக்கணக்கு:
கழிவது தாமதம் மட்டும். 1 டெக் அலகுக்கு (டெக்: சிக்னல் பாதையிலுள்ள எலக்ட்ரான்களின் மொத்த அளவு) எல்1-ல் சுமார் 16 செ.மீ. தாமதம், அதை எல்2 வைத்துக் கழிக்கலாம். லாக்கே போனால் எதை எதிலிருந்து கழிப்பது? அதிலும் எல்2-ல் மினுக்கம் (சிக்னல் பலம் ஏறி இறங்குவது) எல்1-ஐ விட ஒன்றரை மடங்கு, பெரும்பாலும் அதுதான் முதலில் விழும். நாவிக் என்ற இந்திய வழிகாட்டி அமைப்பின் எஸ் பட்டையில் எல்1-ல் பாதிதான், ஆனால் மலிவு ரிசீவரில் அது கிடையாது.

ககன் மீட்டர் கணக்கு வேலைக்கு. அதன் திருத்தக் கட்டம் 5 பாகைக்கு 5 பாகை. குமிழிச் சுவர் அதில் தெரியவே தெரியாது. செ.மீ. நகர்வுக்கு உதவாது.

தரவுத்தச்சன்:
முதலில் 'ஃபிக்ஸ் அண்ட் ஹோல்ட்'டை எடுங்க. உங்கள் 40 செ.மீ. அதன் வேலை. தவறான முழு எண்ணைப் பிடித்துக்கொண்டு விடாது. 'கன்டினியஸ்' (பிடித்துவைக்காமல் தொடர்ந்து கணக்கிடும் முறை) போட்டு, ரேஷியோ வாசல் (முதல் தீர்வு இரண்டாவதை விட எத்தனை மடங்கு பொருந்த வேண்டும் என்ற எல்லை) 3 வையுங்க. ஃப்ளோட் என்று ஒப்புக்கொள்கிற கணக்கு, பொய் சொல்கிற ஃபிக்ஸை விட மேல்.

அடுத்து, 1 விநாடிப் பதிவு. மென்பொருள் ஸ்லிப்பைக் கண்டுபிடிக்கும் வாசல் 0.05 மீட்டர் என்பது எல்1, எல்2 வித்தியாசத்தில் அரை டெக் அலகுக்குச் சமம். 30 விநாடி இடைவெளியில், 16 கி.மீ. பேஸோடு, குமிழிச் சுவரே அதைத் தாண்டும். நடக்காத ஸ்லிப்பையும் மென்பொருள் நடந்ததாக எடுத்துக்கொள்ளும்.

பேஸை 1, 2 கி.மீ.க்குள், கிட்டத்தட்ட அதே உயரத்தில், நகராத பாறையில் போடுங்க. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் 1,400 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். ஈரக்காற்றுத் தாமதம் முழுதாகக் கழியாமல் உயரத்தில் மிச்சம் நிற்கும். அது பகலிலும் உங்களை ஏமாற்றும். ஆனால் பேஸ் பக்கத்தில் வந்தால் மினுக்கம் போய்விடும் என்று நினைக்காதீங்க. 500 மீட்டர் தள்ளினாலே இரண்டு ஆன்டெனாவும் வேறு வேறு நேரத்தில் சிக்னலை இழக்கும். ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ செயற்கைக்கோள்களையும் சேர்த்தால்தான் குமிழிக்கு வெளியே இருக்கும் செயற்கைக்கோள்கள் போதிய எண்ணிக்கையில் மிஞ்சும்.

உறுதி செய்ய ரோட்டி குறியீடு போடுங்க (சாப்பிடுகிற ரோட்டி இல்லை): டெக் மாறும் வேகத்தின் சிதறல், 5 நிமிடத்துக்கு ஒன்று. நிமிடத்துக்கு 0.5 அலகைத் தாண்டினால் அந்தச் செயற்கைக்கோளை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்க.

சரிவுக்காவல்:
நன்றி. அப்படியானால் இரவு 7.30 முதல் 12.30 வரை தரவை வெட்டிவிட்டு, 1 மணி முதல் 7 மணி வரை ஸ்டாட்டிக்காக (அந்நேரம் இடம் அசையவில்லை என்று எடுத்துக்கொண்டு) ஒரு தீர்வு எடுத்தால் போதுமா?

தரவுத்தச்சன்:
மெதுவாக ஊர்கிற சரிவுக்குப் போதும். எச்சரிக்கை மணி அடிக்க இதை நம்பாதீங்க. குமிழி மறுபடி தலைதூக்கும் அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையும் நீலகிரிக்கு வரும். வெட்டிப்போடும் அந்த ஐந்து மணி நேரத்திலேயே மண் இறங்கலாம். மணியை மழைமானியிலும் சாய்வுமானியிலும் கட்டுங்க.