சித்திரை, வைகாசியில் பிள்ளைகளோடு வானம் பார்க்க: டெல்டாவில் நடத்திப் பழகியவர்கள் சொல்வது

கும்பகோணம் பக்கமிருந்து:

"பௌர்ணமியன்று வைத்தால் கூட்டம் வரும், நிலாவும் பெரிதாகத் தெரியும்" என்று ஊரில் ஒருவராவது சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். முழுநிலவில் சூரிய ஒளி நேர் எதிரே விழுவதால் பள்ளம் மேடு எதற்கும் நிழல் இருக்காது. டெலஸ்கோப்பில் சுண்ணாம்பு அடித்த தட்டு மாதிரித் தெரியும், கண்ணும் கூசும். வளர்பிறை சஷ்டியிலிருந்து அஷ்டமிக்குள் வையுங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான் பள்ளங்களின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். பிள்ளைகள் "ஐயோ ஓட்டை!" என்று கத்துவது அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். நட்சத்திரக் கூட்டங்களே போதுமென்றால் அமாவாசையை ஒட்டிய நாள். இரண்டையும் ஒரே ராத்திரியில் காட்ட நினைத்தால் இரண்டும் அரைகுறையாகப் போகும்.

அடுத்தது இடம். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும். மேலே எழும்பும் அந்தக் காற்றின் வழியே பார்த்தால் நிலாவின் விளிம்பு கொதிக்கிற பால் மாதிரி நெளியும். கருவியில் கோளாறு என்று நினைத்து ஃபோகஸ் திருகைத் திருகிக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் ஆகாது. சிமெண்ட் களமும் இதே கதைதான். புல் முளைத்த பள்ளி மைதானம் நல்லது. உளுந்து, பயறு எடுத்த வயல் அதைவிட நல்லது. மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை காலியாகத்தானே கிடக்கிறது? ஆனால் களிமண் வெடிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் சின்னப் பிள்ளையின் கால் இறங்கும் அளவுக்கு வாய் பிளந்திருக்கும். கருவியின் அடியில் மூன்றடிக்கு மூன்றடி பலகை போடாவிட்டால் ஆடும்.

தென்னையை மறந்துவிடாதீர்கள். நம் பக்கம் துருவ நட்சத்திரம் 11 பாகை உயரம்தான், கையை நீட்டி முட்டி மடக்கினால் ஒரு முட்டி. 15 மீட்டர் தென்னை 75 மீட்டர் தள்ளி நின்றாலே அதை மறைத்துவிடும். வடக்கை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம், தெற்கை விடக்கூடாது. ஏன் என்று வேதாரண்யத்துக்காரர் சொல்வார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து:

அண்ணன் இடத்தைச் சொல்லிவிட்டார். நான் கருவியையும் வரிசையையும் சொல்கிறேன்.

ஆறு அங்குல டாப்சோனியன் (கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும், பெட்டித் தாங்கியில் உட்காரும் எளிய டெலஸ்கோப்), அதாவது 150 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம். கூட்டத்துக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஓட்டு வீட்டுக்குள்ளோ கார் டிக்கியிலோ வெந்த கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஆறு மணிக்கே வெளியே எடுத்து நிழலில் வைத்துவிடுங்கள், வாய் மூடியோடு. சூரியன் மறைகிறவரை மூடியைக் கழற்றக் கூடாது. மூடியில்லாத குழாயைப் பிள்ளைகள் விளையாட்டாகச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டால் கண் போய்விடும்.

சூரியன் இறங்கியதும், வெளிச்சம் இருக்கும்போதே ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கப் பெரிய குழாயின் மேல் பொருத்திய சின்னக் குழாயை, சரிசெய்ய வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோபுரக் கலசம் இதற்கு வாகானது. கலசத்தின் நுனியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, ஃபைண்டரின் திருகுகளைத் திருகி அதிலும் அதே நுனி நடுவில் விழும்படி செய்யுங்கள். இருட்டிய பிறகு செய்யலாமென்று விட்டால், நாற்பது பேர் நிற்க, நிலாவைத் தேடவே கால் மணி நேரம் ஓடும்.

25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. பூமி சுற்றுவதால் 48 மடங்கில் ஒரு பொருள் காட்சிப் புலத்தைக் கடக்க நாலு நிமிடம். 120இல் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் குறைவு, அதற்குள் இரண்டு பிள்ளைகள் பார்ப்பதே பெரிய விஷயம். அதனால் வரிசைக்கு எப்போதும் 25தான். பொருளை நடுவில் வைக்காதீர்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்று பத்து விநாடி கவனித்து, அதற்கு எதிர் ஓரத்தில் நிறுத்துங்கள். நாலைந்து பேர் பார்க்கும்வரை தொடவேண்டாம்.

ஆளுக்கு 40 விநாடி என்றால் 60 பேருக்கு 40 நிமிடம். ஒரு மாலைக்கு மூன்று பொருள்தான் முடியும். பட்டியல் போட்டுப் பத்து காட்டுகிறேன் என்று இறங்கினால் கடைசியில் நிற்கிற குழந்தை தூங்கிவிடும்.

முக்காலி வேண்டாம், முதுகு வைத்த நாற்காலி வையுங்கள். ஏறி நிற்கும் பிள்ளை எதையாவது பிடிக்கும். பிடிக்க நாற்காலி முதுகு இருந்தால் குழாயைப் பிடிக்காது. இன்னொன்று, கொசுக் களிம்பு தடவிய விரல் ஐபீஸில் பட்டால் எண்ணெய்ப் படலம் படிந்து நிலாவைச் சுற்றி ஒளிவட்டம் கட்டிவிடும். அதை வேட்டி நுனியால் துடைக்கிற பெரியவர் எல்லா ஊரிலும் உண்டு! களிம்பைக் காலுக்கும் கழுத்துக்கும் தடவிவிட்டுக் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து:

தெற்குதான் நமக்குக் கிடைத்த சொத்து. டெல்லியில் இருப்பவருக்குத் தரையோடு தரையாகப் போகிற திரிசங்கு (சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டம்) இங்கே கிட்டத்தட்ட இரண்டு முட்டி உயரத்தில் நிற்கும். மே நடுவில் இரவு ஒன்பது மணி சுமாருக்கு நேர் தெற்கில் செங்குத்தாக இருக்கும். அதன் இடப்பக்கம் இரண்டு பளிச்சென்ற நட்சத்திரங்கள். திரிசங்குக்குத் தள்ளியிருப்பது ஆல்ஃபா சென்டாரி, நம்மிடமிருந்து 4.3 ஒளியாண்டு. 120 மடங்கில் அது இரண்டாகப் பிரியும். பிள்ளைகள் குறைவான மாலையில் மட்டும் காட்டுங்கள்.

பத்து மணிக்கு மேல் விழித்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒமேகா சென்டாரி என்ற உருண்டையான நட்சத்திரக் கொத்து. திரிசங்குக்கு மேலே, இடப்பக்கம் சற்று விலகி, தரையிலிருந்து மூன்று முட்டி உயரம். பைனாகுலரில் பஞ்சு உருண்டை, ஆறு அங்குலத்தில் ரவையைக் கொட்டின மாதிரிப் பொடிப்பொடியாகப் பிரியத் தொடங்கும்.

அருந்ததியை விடக்கூடாது. வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. கல்யாணத்தில் பட்டப்பகலில் வாத்தியார் கை காட்டிய திசையைப் பார்த்துத் தலையாட்டியவர்கள்தான் இதற்கு வரிசையில் முந்துவார்கள். வெறுங்கண்ணில் இரண்டும் தெரியும். டெலஸ்கோப்பில் வசிஷ்டரே இரண்டாகத் தெரிவார், அதைச் சொல்லாமல் காட்டுங்கள்.

கடற்கரை ஓரம் உப்புக்காற்றும் பனியும் ஐபீஸில் படியும். கறுப்பு சார்ட் பேப்பரைக் குழாய் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளத்துக்குச் சுருட்டி வாயில் மாட்டினால் குழாயின் வாயில் பனி இறங்குவது தள்ளிப்போகும். பனி படிந்தால் துடைக்க வேண்டாம், விசிறுங்கள் போதும். ஈரத்தோடு மூடிப் பெட்டியில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

திருச்சியிலிருந்து:

மேகம் மூடினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. ஏப்ரல், மே சாயங்காலத்தில் மேற்கே இடிமேகம் கட்டினால் அரை மணி நேரத்தில் தலைக்கு மேல் வரும். மின்னல் தெரிந்ததுமே வெட்டவெளியைக் காலி செய்யுங்கள், கருவி அப்புறம். வெளியூர்ப் பிள்ளைகளைத் திரட்டி வருவதானால் மாற்றாக இங்கே அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது. காவலூர் வான் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவோரும் உண்டு. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டாதீர்கள். அதன் குவியத்தில் கேமராவும் நிறமாலைமானியும்தான் உட்கார்ந்திருக்கும்.

மீண்டும் கும்பகோணம்:

ஒன்று விட்டுப்போச்சு. டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேலாகும், ஒரு செல்போன் வெளிச்சம் அத்தனையையும் கெடுத்துவிடும். ஆனால் வரப்பில் நடக்கும்போது வெள்ளை டார்ச்சும் செருப்பும் கட்டாயம். கட்டுவிரியன் நடமாடுவது ராத்திரியில்தான். தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைக்குமுன் சுற்றிலும் ஒருமுறை வெள்ளை வெளிச்சம் அடித்துப் பார்த்துவிடுங்கள், கிளம்பும்போது தார்ப்பாயை உதறி மடியுங்கள்.