கண்ணாடி ஜன்னலோரம் பதினோரு வருடம்

கொடைக்கானலிலிருந்து:

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். என் நாற்காலி பெரிய கண்ணாடி ஜன்னலோரம். எங்கள் ஊர்க் குளிருக்கு அந்த இடத்துக்குப் போட்டியே நடக்கும். பதினோரு வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வருடம் இடுப்பும் தொடையும் விடாமல் வலித்தன. படி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குளிர் வாதம் என்று நானே முடிவு கட்டி ஆறு மாதம் தைலம் தேய்த்தேன். கடைசியில் ரத்தம் பார்த்தால் வைட்டமின் டி 11. இருபதுக்குக் கீழே போனாலே பற்றாக்குறையாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அதற்கு நாலு மாதம் முன்பு கன்னத்து மங்குக்காகத் தோல் டாக்டரிடம் போயிருந்தேன். "வெயில் படுவதைக் குறையுங்கள்" என்றார். எலும்பு டாக்டரோ "வெயிலே படாமல் இருக்கிறீர்கள்" என்கிறார். ஒரே முகம், ஒரே உடம்பு. 1899-இல் சூரிய ஆய்வகம் வந்த ஊரில் இருந்துகொண்டு, எனக்கு வெயில் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று தெரியவில்லை!

மறுபடி தோல் டாக்டரிடமே போய்க் கேட்டேன். "எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள்?" என்றார். ஜன்னலைச் சொன்னதும் தலையாட்டினார். வெயிலில் நம் தோலை எட்டுகிற புற ஊதாக் கதிர் இரண்டு வகை. வைட்டமின் டி உண்டாக்குவது 'பி' வகை. ஜன்னல் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். 'ஏ' வகை கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும். மங்கைக் கருக்குவதும் தோலைச் சுருங்க வைப்பதும் அதற்குக் கைவந்த கலை. ஆக, வேண்டியதை வெளியே நிறுத்திவிட்டு, வேண்டாததைப் பதினோரு வருடம் மடியில் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் மங்கு கூடுதலாக இருப்பதை அன்றைக்குத்தான் கண்ணாடியில் உற்றுப் பார்த்தேன்.

அப்புறம் நடந்தது என் அவசரம். மாமியார் "இளவெயில்தான் உடம்புக்கு நல்லது" என்றார். இரண்டு மாதம் காலை ஆறரைக்கு ஏரியைச் சுற்றினேன், குல்லாவும் ஸ்வெட்டருமாக. நடையால் மூச்சு சீரானது, வைட்டமின் டி நகரவே இல்லை. சூரியன் தாழ இருக்கும்போது 'பி' வகை கீழே வருவது மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம்தான் கணக்காம். சரி என்று மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். காற்று சில்லென்று இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி முகம் எரிந்தது, மூன்றாம் நாள் மூக்கு உரிந்தது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். நாங்கள் இருப்பது 2,100 மீட்டரில். மதுரையில் சூடு நம்மை நிழலுக்கு விரட்டிவிடும். இங்கே விரட்ட ஆளில்லை.

மதுரையிலிருந்து:

அக்கா சொல்வது சத்தியம். மே மாதம் கொடைக்கு வந்து, ஒரே மூட்டமாக இருக்கிறதே என்று தொப்பி இல்லாமல் இரண்டு மணி நேரம் படகு. ஊருக்குத் திரும்பினால், "மலைக்குப் போனாயா, செங்கல் சூளைக்குப் போனாயா" என்கிறார் அப்பா. மெல்லிய மேகம் புற ஊதாவைப் பெரிதாகத் தடுக்காது என்று பிறகுதான் படித்தேன்.

குன்னூரிலிருந்து:

எங்கள் வீட்டில் இது இரண்டு பேருக்குப் பிரிந்து வந்தது. அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பரிசோதனையில் அவருக்கு வைட்டமின் டி குறையே இல்லை. வீட்டுக்குள் தையல் மிஷினோடு இருக்கும் எனக்கு 14. நான் கொஞ்சம் பொறாமையாகச் சொன்னபோது அம்மா தன் கண்ணைக் காட்டினார். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு கண்ணிலும் புரை. வயது, சர்க்கரையோடு வருடக்கணக்கான வெயிலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் கண் டாக்டர். தோட்டத்தில் தலைக்குத் துணி கட்டுவார்கள். கண்ணுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

ஊட்டியிலிருந்து:

மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். வைட்டமின் டி பாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 60,000 யூனிட் பொடி, வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று பலருக்கு எழுதித் தருவார்கள். பெரியவர் ஒருவர் அதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, கடை கடையாக வாங்கி இரண்டு மாதத்துக்கு மேல் குடித்திருக்கிறார். வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல். ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் வரை போய்விட்டது. வெயிலில் எவ்வளவு நின்றாலும் தோல் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ளும். பாக்கெட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. எங்கள் கடையிலும் இரண்டு முறை வாங்கினார். சீட்டு எங்கே என்று நான் கேட்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

கொடைக்கானலிலிருந்து:

ஊட்டித் தம்பிக்கு நன்றி. எனக்கும் எட்டு வாரப் பாக்கெட்தான், முடித்ததும் நிறுத்தி மறுபடி ரத்தம் பார்த்தார்கள், 31. இப்போது முகத்துக்கு சன்ஸ்கிரீனும் அகலத் தொப்பியும். வெயில் கைக்கும் காலுக்கும் மட்டும், வாரத்தில் நாலைந்து நாள், மத்தியானம் இருபது நிமிடம். இது என் மாநிறத்துக்கு டாக்டர் சொன்னது. வெளுத்த தோலுக்கு இதைவிடக் குறைவாகவும், நல்ல கறுப்புக்கு இன்னும் கொஞ்சம் கூடவும் ஆகும். மங்கு போகவில்லை, ஆனால் மேலும் கருக்கவில்லை.

ஜன்னலோர நாற்காலியைப் புதிதாக வந்த பெண்ணுக்குக் கொடுக்க மனம் வராமல் அங்கே திரைச்சீலை போட்டுவிட்டேன். பன்னிரண்டரைக்குக் கடை வாசல் படியில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவோடு உட்காருவேன். சுற்றுலா வந்தவர்கள் என்னிடம் பேருந்து நேரம் கேட்கிறார்கள்.