நெப்ராஸ்கா ஆல்பம் கேட்டு மாட்டிக்கிட்டேன், ஸ்பிரிங்ஸ்டீன் கேக்குற நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்கீங்களா?

செந்தூல்பையன்:

வணக்கம் மக்களே. நான் கேஎல் (கோலாலம்பூர்), செந்தூல். ராத்திரியில வேன் ஓட்டுற வேலை, ஈப்போ போயிட்டு விடியறதுக்குள்ள திரும்பணும், பாட்டு இல்லன்னா தூங்கிடுவேன். எப்பவும் ராஜா சார் பாட்டு, இல்லன்னா நம்ம ஊரு பசங்களோட ராப், இங்கிலீஷ் ராக்கெல்லாம் அவ்வளவா கேட்டதே இல்ல. போன வாரம் தஞ்சோங் மாலிம் தாண்டிப் போய்க்கிட்டு இருக்கேன், போன் தானா அடுத்த பாட்டுக்குப் போயி புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாடுன 'ஹைவே பெட்ரோல்மேன்' வந்துச்சு. ஒரு கித்தார், ஒரு மௌத் ஆர்கன், ஒரு குரல், அவ்வளவுதான்.

கதை கேளுங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, ஒருத்தன் போலீஸ் சார்ஜன்ட், இன்னொருத்தன் சின்ன வயசுலேர்ந்தே அடங்காதவன். ஒரு நாள் அடங்காதவன் ஒரு பையனை அடிச்சுப் போட்டுட்டு காடியை எடுத்துக்கிட்டு ஓடுறான், போலீஸ்காரன் துரத்திக்கிட்டே போறான், கனடா எல்லை கிட்ட வந்ததும் ரோட்டோரமா வண்டியை நிப்பாட்டிட்டு கூடப்பிறந்தவனோட பின்லைட்டு மறையுற வரைக்கும் பாத்துக்கிட்டே நிக்கிறான். புடிக்கல. விட்டுட்டான். எங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்காரு, அதுக்கு மேல இங்க எழுத வேணாம். ஆனா ஒரு அமெரிக்காக்காரருக்கு இது எப்படித் தெரியும்னு இருந்துச்சு எனக்கு.

அன்னைக்கே நெப்ராஸ்கா ஆல்பம் முழுசா கேட்டேன், இப்ப தினமும் அதுதான் ஓடுது. ரெண்டு விஷயம் சொல்லுங்க. சவுண்டு ஏன் இவ்வளவு தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு? ஸ்டேடியத்துல கையைத் தூக்கிக்கிட்டு கத்துவாங்களே 'பார்ன் இன் த யூஎஸ்ஏ', அதைப் பாடுனவரும் இவருதானா? நம்பவே முடியல. அடுத்து என்ன கேக்கலாம்னும் சொல்லுங்க.

காசெட்டுக்காரன் (ஜார்ஜ்டவுன்):

ப்ரோ, சரியான கேள்வி கேட்டீங்க, நான் பினாங்குல பழைய டெக், ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பண்றவன், இந்த ஆல்பத்தைப் பத்தின்னா ராத்திரி முழுக்கப் பேசுவேன்.

அது ஸ்டூடியோவுல பதிவு பண்ணதே இல்ல. 1982 ஜனவரி, நியூ ஜெர்சியில கோல்ட்ஸ் நெக்குன்னு ஒரு ஊரு, வாடகை வீடு, பெட்ரூம். டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144னு ஒரு மெஷின், 1979லதான் மார்க்கெட்டுக்கு வந்துச்சு. நாம பாட்டு கேட்ட அதே சாதா காசெட்டுதான் அதுல போடணும், ஆனா காசெட்டுல இந்தப் பக்கம் ரெண்டு ட்ராக் அந்தப் பக்கம் ரெண்டு ட்ராக் இருக்கும்ல, இந்த மெஷின் நாலையும் ஒரே பக்கமா ஓட்டும், டேப்பையும் ரெண்டு மடங்கு வேகத்துல இழுக்கும். கித்தார் ஒரு ட்ராக், குரல் ஒரு ட்ராக், மிச்சம் இருக்குற ரெண்டுல மௌத் ஆர்கனோ இன்னொரு குரலோ, அதுக்கு மேல சேக்க இடமே கிடையாது. ரெண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கு, கல்யாண மண்டபத்து கச்சேரியில இப்பவும் பாக்கலாம் அந்த மைக்கை. அப்புறம் அதை எக்கோப்ளெக்ஸ்ங்கிற எக்கோ மெஷின் வழியா விட்டு ஒரு சாதாரண பூம்பாக்ஸ்ல இறக்கியிருக்காரு. நீங்க கேட்ட தூரம் அந்த எக்கோவுலேர்ந்து வர்றதுதான்.

இதுல மனசைத் தொடுற விஷயம் என்னன்னா, இது ஆல்பமா வரணும்னு பாடுனதே இல்ல, பேண்டுக்குப் பாட்டு சொல்லிக்குடுக்க எடுத்த மாதிரி காசெட். அதைக் கவர்கூட இல்லாம கால்சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்காரு மனுசன். நியூயார்க் ஸ்டூடியோவுல மொத்த பேண்டையும் வச்சு வாசிச்சுப் பாத்தாங்க, நல்லா வாசிக்கிறாங்க ஆனா பாட்டுல இருந்த ஆளைக் காணோம். கடைசியில அந்த பாக்கெட் காசெட்டையே ரெக்கார்டா போட்டுடலாம்னு முடிவு. அதுவும் லேசுல நடக்கல, காசெட்டுல லெவல் ரொம்ப கம்மி, எல்பி தட்டுல வெட்டுறதுக்குள்ள இன்ஜினியருங்க படாத பாடு பட்டாங்க. 1982 செப்டம்பர்ல வந்துச்சு, டூர்கூட போகல. பேண்டோட வாசிச்சுப் பாத்த அந்தப் பதிவுங்க 2025லதான் வெளிய வந்துச்சு, கேட்டேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா அன்னைக்கு காசெட்டையே வெளியிட்டது சரிதான்.

ரெண்டாவது கேள்விக்கு அதே காசெட்டுல பதில் இருக்கு. 'பார்ன் இன் த யூஎஸ்ஏ' பாட்டோட முதல் வடிவம் அதுலதான் இருந்துச்சு, கித்தார் மட்டும் வச்சு, பேய் அறைஞ்ச குரல்ல. 1998ல வந்த 'ட்ராக்ஸ்' செட்டுல இருக்கு, தேடிப்பாருங்க. வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்தவனுக்கு ஊருல வேலை குடுக்க ஆளில்ல, கூட இருந்தவன் கே சான்ல செத்துட்டான், அதுதான் பாட்டு. 1984 தேர்தல் சமயத்துல அமெரிக்க அதிபர் ரீகன்கூட நியூ ஜெர்சி மேடையில இவர் பேரைச் சொல்லி, நம்பிக்கை தர்ற பாட்டுன்னு பேசிட்டாரு. கோரஸ் மட்டும் கேட்டா அப்படித்தான் தோணும்லா.

பாயான்லெப்பாஸ்_பொண்ணு:

தம்பி, உங்க பதிவைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எங்க அம்மா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில வேலை செஞ்சவங்க. 1972ல அந்த ஃப்ரீ ட்ரேட் ஸோன் ஆரம்பிச்சப்புறம் தோட்டத்துலேர்ந்தும் கம்பத்துலேர்ந்தும் எத்தனை பொண்ணுங்க அங்க போனாங்க, அதுல எங்க அம்மாவும் ஒருத்தங்க. மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சு முடியைவிட மெல்லிசான கம்பியை சிப்புல ஒட்டுற வேலை, ஷிப்டு முடிஞ்சு ஃபேக்டரி பஸ்ஸுல வந்து இறங்கும்போது கண்ணைக் கசக்கிக்கிட்டேதான் வருவாங்க, நாப்பது வயசுல ஊசியில நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க.

1978ல வந்த 'டார்க்னஸ்' ஆல்பத்துல 'ஃபேக்டரி'ன்னு ஒரு பாட்டு இருக்கு, ரெண்டு நிமிசம் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். காலையில சங்கு ஊதுது, அப்பா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு மழையில போறாரு, அந்த ஃபேக்டரி அவரு காதையும் எடுத்துக்குது, சோறும் போடுது. அங்க காது, எங்க வீட்டுல கண்ணு. நான் அந்தப் பாட்டை அம்மாவுக்கு வரி வரியா தமிழ்ல சொன்னேன், அவங்க ஒண்ணும் பேசல, இன்னொரு தடவை போடுன்னாங்க.

ஸ்பிரிங்ஸ்டீனோட அப்பா டக்ளஸ் நிஜமாவே அப்படி வாழ்ந்தவரு. ஃப்ரீஹோல்டு ஊருல கார்ப்பெட் மில்லு, பஸ் டிரைவர், ஜெயில் வார்டன்னு மாறி மாறி வேலை, ராத்திரியில சமையக்கட்டுல லைட்டை அணைச்சுட்டு சிகரெட்டும் பீருமா உக்காந்திருப்பாராம், மகன் வீட்டுக்குள்ள வரணும்னா அவரைத் தாண்டித்தான் வரணும். அம்மா அடேல் வக்கீல் ஆபீஸ் செக்ரட்டரி, கடன் வாங்கித்தான் மகனுக்கு அறுபது டாலர் கித்தார் வாங்கிக்குடுத்தாங்க. வயசான காலத்துல அல்சைமர் வந்து எல்லாம் மறந்தும் பாட்டுப் போட்டா ஆடுவாங்களாம், 2024ல தன்னோட 98 வயசுல இறந்தாங்க. செய்தி படிச்ச அன்னைக்கு சொந்தக்காரங்க செத்த மாதிரி அழுதேன், சொன்னா யாருக்கும் புரியல.

தம்பி, நெப்ராஸ்காலயே 'யூஸ்டு கார்ஸ்' இருக்கே, அதை விட்டுடாதீங்க. குடும்பமே பழைய காடி பாக்கப் போகுது, சேல்ஸ்மேன் அப்பா மூஞ்சைப் பாக்காம அவரோட கையைப் பாக்குறான், அம்மா கல்யாண மோதிரத்தை உருட்டிக்கிட்டு அதை கவனிக்கிறாங்க. எங்க அப்பா செகண்ட் ஹேண்டு சாகா காடி ஒண்ணு வாங்கிட்டு வந்தப்ப பிளாட்டுல இருந்த அத்தனை பேரும் கீழ இறங்கி வந்து பாத்தாங்க, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி, பாட்டி திருஷ்டி சுத்தி. பாட்டுலயும் அக்கம்பக்கம் எல்லாம் வருவாங்க, அந்தச் சின்னப் பையனுக்கு மட்டும் சந்தோசம் வராது. எனக்கு வந்துச்சு, அது வேற.

அடுத்து 'த ரிவர்' கேளுங்க, 1980. அந்தத் தலைப்புப் பாட்டு அவரோட சொந்தத் தங்கச்சியையும் மச்சானையும் பத்தினது, சின்ன வயசுலயே கல்யாணம், கட்டட வேலை போச்சு, அப்புறம் ரெண்டு பேரும் சமாளிச்சு வந்தாங்க.

பத்துமலை_பீட்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி, ஆனா தம்பியை இருட்டுலயே உக்கார வச்சிடாதீங்க, நான் சொல்றேன் அடுத்தது 'பார்ன் டு ரன்'தான், 1975, வேற பேச்சே கிடையாது. மொதல் ரெண்டு ஆல்பமும் ஓடல, கம்பெனி கைவிடப் போற நேரம், இதுதான் கடைசி சான்ஸ்னு இருந்த பையன் தலைப்புப் பாட்டு ஒண்ணுக்கே ஆறு மாசம் செலவு பண்ணாரு. கித்தார் மேல கித்தார், பியானோ, மணி, அத்தனையும் அடுக்கி அடுக்கி. ஆல்பம் வந்து ரெண்டு மாசத்துல டைம், நியூஸ்வீக் ரெண்டு பத்திரிகையும் ஒரே வாரத்துல அட்டைப்படம் போட்டாங்க, அப்ப அவருக்கு வயசு 26.

நான் உறுமி மேளம் வாசிக்கிறவன், எனக்கு வாசிக்கிற ஆளுங்கதான் முக்கியம், அதனால கிளாரன்ஸ் கிளெமன்ஸ் பத்தி சொல்லியே ஆகணும். ஆறடிக்கு மேல ஆளு, சாக்ஸபோன். 'ஜங்கிள்லேண்ட்' பாட்டு நடுவுல ரெண்டு நிமிசத்துக்கு மேல ஒரு சோலோ வரும், அதைப் பதிவு பண்ண பதினாறு மணி நேரம் ஆச்சு, ஒவ்வொரு ஸ்வரமா ஸ்பிரிங்ஸ்டீன் கூடவே நின்னு மாத்தி மாத்தி வாசிக்க வச்சாரு. கேட்டா அப்படியே ஒரே மூச்சுல வந்தது போலத்தான் இருக்கும். மேளம் வாசிக்கிறவனுக்குத் தெரியும், அப்படித் தோண வைக்கிறதுதான் கஷ்டம்.

அந்த ஆல்பம் அட்டையைப் பாத்திருக்கீங்களா? வெள்ளைக்காரப் பையன் கறுப்பு அண்ணன் தோள்ல சாஞ்சு சிரிச்சுக்கிட்டு நிப்பான். முன்னட்டையில இவரு மட்டும்தான் தெரிவாரு, மடிச்ச அட்டையை விரிச்சாத்தான் கிளாரன்ஸ் முழுசா வருவாரு, அதனால அதை எல்பியாத்தான் கையில வாங்கிப் பாக்கணும். பிஜே (பெட்டாலிங் ஜெயா) அம்கோர்ப் மால்ல சனி ஞாயிறு பழைய சாமான் சந்தை நடக்கும்ல, அங்கதான் எனக்குக் கிடைச்சுச்சு, ஓரமெல்லாம் பிஞ்சு போயிருந்துச்சு, பேரம் பேசவே இல்ல. கிளாரன்ஸ் 2011ல போயிட்டாரு. அவரோட அண்ணன் தம்பி மகன் ஜேக்தான் இப்ப அந்த இடத்துல நின்னு அதே சோலோவை வாசிக்கிறாரு.

செந்தூல்பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே, அந்த 'ட்ராக்ஸ்' பாட்டைக் கேட்டேன், ராவாங் டோல் கிட்ட வண்டியை ஓரங்கட்டிட்டு கேட்டேன். அதே வரிதான், ஆனா ஸ்டேடியம் பாட்டுல அது முஷ்டியைத் தூக்குது, இதுல அது கையை விரிச்சு நிக்குது. இனிமே பெரிய பாட்டைக் கேட்டாலும் எனக்கு இந்தச் சின்னப் பாட்டுதான் உள்ள கேக்கும். அக்கா, அம்மாவை விசாரிச்சதா சொல்லுங்க. இவரு நேர்ல எப்படிப் பாடுவாரு, யாராச்சும் பாத்திருக்கீங்களா?

பட்டர்வொர்த்_அண்ணன்:

நேர்ல பாக்குற கொடுப்பினை எனக்குக் கிடைக்கல தம்பி, ஆனா பதிவுங்க நிறைய கேட்டிருக்கேன். மூணு மணி நேரம் அவருக்கு சர்வ சாதாரணம். 2012ல ஹெல்சிங்கில நாலு மணி நேரம் ஆறு நிமிசம் பாடுனாரு, அப்ப வயசு 62, அதுதான் அவரோட நீளமான கச்சேரி. 2023ல வயித்துப் புண்ணு வந்து கச்சேரிகளைத் தள்ளி வச்சாரு, அடுத்த வருசமே திரும்ப மேடைக்கு வந்துட்டாரு. இவ்வளவு பெரிய ஆளுக்கு அமெரிக்க ஹாட் 100 பாட்டுப் பட்டியல்ல அவரு பேருல வந்த பாட்டு ஒண்ணுகூட முதல் இடம் வந்ததே இல்ல, 'டான்சிங் இன் த டார்க்' ரெண்டாவதோட நின்னுடுச்சு. அவரு எழுதுன 'பிளைண்டட் பை த லைட்' வேற பேண்டு பாடித்தான் 1977ல முதல் இடத்துக்குப் போச்சு. இது எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம்.

நம்ம பக்கமும் வந்திருக்காரு தெரியுமா, 1988 செப்டம்பர் 30, டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். ஆம்னெஸ்டி நடத்துன மனித உரிமை டூர், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், ட்ரேசி சாப்மன், யூசு ந்தூர்னு பெரிய கூட்டமே. அப்ப இந்தச் செய்தியெல்லாம் நமக்கு எங்க தெரிஞ்சுச்சு.

தம்பி, நீ 1979 'நோ நியூக்ஸ்' கச்சேரி படத்தைப் பாரு, மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல எடுத்தது, 2021லதான் முழுசா வெளிய விட்டாங்க. அவருக்கு முப்பது வயசு ஆகப்போற நேரம், மேடையில நிக்க மாட்டாரு, ஓடுவாரு. அக்கா சொன்ன 'த ரிவர்' ஜனங்க முன்னாடி முதல் தடவையா அந்தக் கச்சேரியிலதான் பாடுனாரு, ஆல்பமே அப்ப வரல, கேக்குற யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது, இருந்தும் அரங்கமே வாயடைச்சுப் போயிருக்கும் பாரு. அதே படத்துல 'ஜங்கிள்லேண்ட்' இருக்கு, பத்துமலை தம்பி சொன்ன சோலோவை கிளாரன்ஸே நின்னு வாசிக்கிறாரு. வண்டி ஓட்டும்போது போடாதே, லீவு நாள்ல வீட்டுல பெரிய திரையில பாரு, பாத்துட்டு எழுது. 'டார்க்னஸ்' ஆல்பத்துல அக்கா சொன்ன 'ஃபேக்டரி' தவிர நாம இன்னும் ஒண்ணுமே பேசல, பழைய மேனேஜரோட கேஸ் நடந்ததால 'பார்ன் டு ரன்'னுக்கும் அதுக்கும் நடுவுல மூணு வருசம் போச்சு, அந்தக் கோபம் முழுக்க 'பேட்லேண்ட்ஸ்' பாட்டுல இருக்கு, அதுக்கு தனியா ஒரு பதிவு போடுறேன்.