ஃப்ளஷ் டேங்குக்குப் பின்னால் ஒரு சாண் சுவர்: சிந்தாமல் பெயின்ட் அடிக்க முடியுமா?

கேள்வி (நீலக்கால்):
குளியலறையில் மூன்றே இடத்தில் பெயின்ட் உரிந்து நிற்கிறது. ஃப்ளஷ் டேங்குக்குப் பின்னால் ஒரு சாண், ஜன்னல் சட்டத்துக்கும் டைல்ஸுக்கும் நடுவில் நாலு விரல் அகலம், கதவு நிலைக்கு மேலே ஒரு கீற்று. எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஸ்டூல் பலகை அளவு வராது. போன தடவை நானே அடித்தேன். அடித்தது அரை மணி, துடைத்தது இரண்டு நாள். டேப் ஒட்டித்தான் அடித்தேன், அதற்கு அடியிலும் ஒழுகியிருந்தது. கீழே விரித்த நியூஸ்பேப்பர் ஈரத்தில் காலில் ஒட்டிக்கொண்டது. அது தெரியாமல் ஹால் வரை நடந்துவிட்டேன். என் பெயருக்கு அர்த்தம் புரிந்திருக்கும். இந்தத் தடவை எப்படி அடிக்கலாம்?

பதில் (பழைய பிரஷ்):
சின்ன இடம்தானே என்று அலட்சியமாக இறங்குவதால்தான் இவ்வளவும் சிந்துகிறது. நானும் அப்படி இறங்கியவன்தான்.

முதலில், பெயின்ட் டப்பாவை உள்ளேயே கொண்டுபோகாதீர்கள். கைப்பிடி வைத்த பழைய கப்பில் இரண்டு விரல் உயரம் ஊற்றிக்கொண்டு போனால் போதும். கவிழ்ந்தாலும் அவ்வளவுதான் கொட்டும். பிரஷ்ஷின் முடியில் மூன்றில் ஒரு பங்குதான் நனைய வேண்டும். அதையும் கப்பின் உள்பக்கம் தட்டிவிட்டு எடுங்கள். நாலு விரல் இடத்துக்கு ஒரு இன்ச் பிரஷ், முனை சாய்வாக வெட்டியதாக இருந்தால் நல்லது.

டேப் அடியில் ஒழுகியது உங்கள் கைக் குற்றம் இல்லை. டைல்ஸ் மேல் சோப்புப் படிவு இருந்தால் எந்த டேப்பும் பிடிக்காது. முந்தின நாளே சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். டேப் ஒட்டியதும் பழைய ஏடிஎம் கார்டால் அதன் விளிம்பை அழுத்தித் தேயுங்கள். பிரஷ்ஷை டேப்பிலிருந்து சுவரை நோக்கி இழுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் பெயின்ட் நேராக டேப்புக்கு அடியில்தான் போகும். தடிமனாக ஒரு கோட் வேண்டாம், மெலிதாக இரண்டு கோட். இரண்டாவது கோட் முழுதாகக் காயும் முன்பே டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரியுங்கள். காய்ந்துவிட்டதா? விளிம்பில் பிளேடால் ஒரு கோடு கீறிவிட்டு உரியுங்கள், இல்லாவிட்டால் புதுப் பெயின்ட்டும் கூடவே வரும்.

டேங்குக்குப் பின்னால் கை போகாது. டேங்குக்குப் பெரிய பிளாஸ்டிக் பையைத் தலையோடு மாட்டிவிடுங்கள். நான் ஓர் அடிஸ்கேலின் முனையில் ஸ்பாஞ்ச் துண்டை ரப்பர் பேண்டால் கட்டி அடித்தேன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், வேலை நடக்கும். ஸ்கேலும் எட்டாத இடத்தை விட்டுவிடுங்கள், அங்கே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

தரைக்கு நியூஸ்பேப்பர் வேண்டாம். பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் பழைய போர்வை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே வாருங்கள்.

பதில் (ஈரத்துணி):
டேப்பே வேண்டாம் என்பது என் கட்சி. எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற பெயின்ட்) என்றால் டைல்ஸில் பட்டதும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இடது கையில் துணி, வலது கையில் பிரஷ், அவ்வளவுதான். ஆயில் பெயின்ட் என்றால் இது செல்லாது, டர்பன்டைன் தேவைப்படும். காய்ந்த துளியை டைல்ஸிலிருந்து பிளேடால் சுரண்டலாம். அக்ரிலிக் டப்பில் மட்டும் பிளேடு வைக்காதீர்கள், கீறல் விழும்.

பதில் (பூஞ்சைப் பகைவன்):
உரிந்ததற்குக் காரணம் ஈரம். கறுப்புப் புள்ளி இருந்தால் முதலில் அதைப் போக்குங்கள், மேலே அடித்தால் திரும்ப எட்டிப் பார்க்கும். பிளீச் போட்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதோடு ஆசிட் கலந்த டாய்லெட் கிளீனரைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். உரிந்த ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வெறும் சுவர் தெரிகிற இடத்துக்குப் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) கொடுங்கள். அப்புறம், ஜன்னல் ஓரத்தில் சிலிகான் (இடைவெளியை அடைக்கிற ரப்பர் மாதிரிப் பசை) போட்டிருந்தால் அதன் மேல் பெயின்ட் நிற்காது.

நீலக்கால்:
நன்றி. ஜன்னல் ஓரம் முழுக்கச் சிலிகான்தான். போன தடவை அங்கேதான் திரும்பத் திரும்பப் பூசி, பூசியது ஒட்டாமல் மேலும் பூசி, எல்லாம் கீழே வழிந்தது! ஸ்கேலும் ஸ்பாஞ்சும் எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றே ஒன்று: அடித்து எத்தனை நேரம் கழித்துக் குளிக்கலாம்?

பழைய பிரஷ்:
24 மணி நேரமாவது விடுங்கள். வெந்நீர் ஆவி என்றால் இன்னும் ஒரு நாள்.