திரி: 18 வயசுக்குக் கீழ்னா பேரை எழுதியே ஆகணுமா?

ஓபிசீட்டு:
நேத்து அரசோட இலவச நாப்கின் திட்டத்தைப் பத்தின திரியில பிரிவு19 ஐயா போற போக்குல ஒண்ணு எழுதிட்டுப் போனார்: "18 வயதுக்கு உட்பட்ட பெண் கர்ப்பம், கருத்தடை, வெள்ளைப்படுதல் என்று எதற்கு வந்தாலும் பெயர், முகவரியுடன் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே வளரிளம் பருவத்தினருக்குத் தனி கிளினிக் என்பது வெறும் போர்டு." இதைப் படிக்கிற எந்த அம்மாவாவது பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வருவாங்களா?

தப்பான தகவல் இது. 2022 செப்டம்பர் 29 அன்னிக்கு உச்ச நீதிமன்றத்துல சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு சொல்லியாச்சு. கருக்கலைப்புக்கு வர்ற மைனர் பொண்ணும் அவளோட காப்பாளரும் கேட்டுக்கிட்டா, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கிற சட்டம்) 19(1)-படி போலீசுக்குத் தர்ற தகவல்ல டாக்டர் அவ பேரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை. பின்னால கேஸ் நடந்தாலும் சொல்ல வேண்டியதில்லை. பேரு கட்டாயமில்லை.

பிரிவு19:
"கேட்டுக்கொண்டால்" என்பதை நீங்களே எழுதிவிட்டு நீங்களே தாண்டிப் போகிறீர்கள். சிறுமி கேட்க வேண்டும், காப்பாளரும் கேட்க வேண்டும். அதுவும் கருக்கலைப்புச் சட்டத்தின் கீழ் வரும் சேவைக்கு மட்டும். கருத்தடைக்கும் மற்ற சிகிச்சைக்கும் இந்தச் சலுகையை அந்தத் தீர்ப்பு நீட்டவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் தகவல் கொடுக்க வேண்டும் என்பதுதான் 19(1). கொடுக்காவிட்டால் பிரிவு 21, ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். உங்கள் பதிவை நம்பி ஒரு டாக்டர் மாட்டினால் ஜாமீனுக்கு நீங்கள் வருவீர்களா?

கிராமச்செவிலி:
ஐயா, வெள்ளைப்படுதலை எதுக்கு இதுல இழுத்தீங்க? வயசுக்கு வர்ற காலத்துல அரிப்பு, நாத்தம் இல்லாம வெள்ளையா படறது இயல்பு. அதுக்கு மருந்தே வேண்டாம், எடுத்துச் சொன்னாப் போதும். தயிர் திட்டு மாதிரி வந்து அரிச்சா பூஞ்சை. கூட தொற்று இருக்கும்னு தோணினா பச்சை கிட் (அரசு ஆஸ்பத்திரியில நிறம் வெச்சுப் பிரிச்ச மருந்துப் பொட்டலம்): செக்னிடசோல் 2 கிராம், ஃபுளுகோனசோல் 150 மி.கி. பூஞ்சை எந்த உறவும் இல்லாமலே வரும். இதுல என்ன குற்றம் உங்களுக்குத் "தெரிஞ்சு" போச்சு? உறவு வழியா வர்ற தொற்றுக்கான சாம்பல் கிட், அதாவது அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மி.கி. கொடுக்கிற அளவுக்கு இருந்தா அது வேற பேச்சு.

பிரிவு19:
அந்த "வேற பேச்சு"தான் என் பேச்சு. நன்றி.

ஓபிசீட்டு:
நன்றி சொல்லிட்டு நழுவாதீங்க. "எதற்கு வந்தாலும்"னு எழுதினது நீங்க.

பேரு எங்க கசியுதுன்னு ஒழுங்காப் பார்ப்போம். போலீஸ்ல இல்ல, ஓபி கவுன்டர்ல. "என்னம்மா பிரச்சினை?"ன்னு கண்ணாடிக்குப் பின்னால இருந்து சத்தமாக் கேட்பாங்க. பொண்ணு முணுமுணுக்கும். "சத்தமாச் சொல்லு." பின்னால வரிசையில இருபது பேரு. சீட்டுல பேரு, ஊரு, அப்பா பேரு, அதுக்குக் கீழயே வியாதியும் எழுதியாச்சு. அந்தச் சீட்டு டாக்டர் மேசை, லேப், மருந்து ஜன்னல்னு மூணு இடம் போகும். மருந்து ஜன்னல்ல திரும்ப ஒரு தடவை பேரைக் கூப்பிடுவாங்க. எந்தச் சட்டம் இதைச் செய்யச் சொல்லுச்சு?

செய்ய வேண்டியது இதுதான். சீட்டுல டோக்கன் நம்பரும் வயசும் மட்டும். வியாதி ஆலோசகர் ரூமுக்குள்ள போன பிறகுதான் எழுதணும். மருந்தை அந்த ரூம்லயே கொடுக்கணும், கிட் எல்லாம் பொட்டலமாத்தான் வருது, பத்து கிட் வைக்க ஒரு அலமாரி போதும். சிறுநீர்ல கர்ப்பம் பார்க்கிற கிட்டும் அங்கயே இருக்கணும், லேப் வரிசைக்கு அனுப்பக் கூடாது. அப்புறம் நாள். செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள். இந்த ரெண்டு நாள்ல வளரிளம் கிளினிக் வெச்சா பொண்ணோட சித்தியும் அத்தையும் அதே பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. நேரமும் காலைல இல்ல, ஸ்கூல் விட்ட பிறகு, மூணரைக்கு மேல. 2014-ல ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய கார்யக்ரம், அதாவது மத்திய அரசோட வளரிளம் பருவ நலத் திட்டம் வந்தப்பவே வழிகாட்டுதல்ல தனிமைன்னு எழுதியிருக்கு. கதவு இல்லாத ரூமுக்கு ஸ்கிரீன் வெச்சு அதைத் தனிமைன்னு கணக்குக் காட்டுறாங்க. ஸ்கிரீன் பேச்சுச் சத்தத்தை மறைக்காது.

மரிக்கொழுந்து:
எல்லாம் சரி. பெத்தவங்களுக்குத் தெரியாம 15 வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் பண்ணணும்னுதானே சுத்தி வளைச்சுச் சொல்றீங்க?

ஓபிசீட்டு:
இல்ல. 18-க்குக் கீழ கருக்கலைப்புன்னா காப்பாளர் எழுத்துல சம்மதம் கொடுக்கணும். 1971 கருக்கலைப்புச் சட்டத்துலயே இருக்கு. நான் பேசறது பேரைப் பத்தி. பேரு கட்டாயமில்லை.

கிராமச்செவிலி:
பேரை விடுங்க, வயசைப் பாருங்க. பிக்மியில (கர்ப்பிணிகளைப் பதியற அரசு இணையதளம்) கர்ப்பம் பதிய வயசு கேட்கும். போலீஸ் பயத்துல வீட்டுல 16-ஐ 19-னு சொல்றாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் 19 முடிஞ்சிருக்கணும், அதனால அந்தப் பக்கமும் 19-தான் சௌகரியம். விளைவு என்ன? சின்ன வயசுக் கர்ப்பம்னு ஹை ரிஸ்க் பட்டியல்ல வராது. ரத்தசோகை, பிபி, வளர்ச்சி குறைஞ்ச குழந்தை, இதெல்லாம் இந்த வயசுல அதிகம். பட்டியல்ல இல்லாததால கூடுதல் கவனிப்பு போகாது. பிரசவத்தன்னிக்கு ஹீமோகுளோபின் 7-ன்னு வந்து நிற்பாங்க.

மரிக்கொழுந்து:
அப்போ 19-ங்கிற நிபந்தனையை எடுத்துட்டுக் குழந்தைக் கல்யாணத்துக்கு 18,000 ரூபா பரிசு கொடுக்கச் சொல்றீங்களா அக்கா?

கிராமச்செவிலி:
நான் எங்க தம்பி அப்படிச் சொன்னேன்? வயசை மாத்திச் சொல்றாங்கன்னு சொன்னேன். நாப்கின் திரியிலயும் இப்படித்தான் சொல்லாததைச் சொன்னதா எழுதினீங்க. ரெண்டு மாசத்துக்கு 18 பேட் பத்தாதுன்னா, திட்டமே வேண்டாம்னு சொன்னதா ஆயிடுச்சு.

மரிக்கொழுந்து:
அந்தத் திரியை இங்க கொண்டு வராதீங்க.

பிரிவு19:
மூலக் கேள்விக்கு வருகிறேன். ஓபி சீட்டைப் பற்றி நீளமாக எழுதியவர் கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஏ-வைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2021 திருத்தத்தில் வந்த பிரிவு அது. பெண்ணின் பெயரை வெளியிடும் டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை. ஆனால் "சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர" என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. போலீஸ் அந்த விலக்குக்குள் வரும். இன்னொன்று: போக்சோ வழக்கில் கருத்திசுவை டிஎன்ஏ-வுக்கு அனுப்பும்போது பெயர் இல்லாத டப்பாவை தடய அறிவியல் கூடம் எப்படி வாங்கும்?

ஓபிசீட்டு:
5ஏ வந்தது 2021. தீர்ப்பு வந்தது 2022. 5ஏ-வைத் தெரிஞ்சுதான் எழுதினாங்க. டப்பா மேல நம்பர் போதும், பேரு எதுக்கு?

கருக்கலைப்பு ஒழுங்குமுறை 2003-ஐத் திறந்து பாருங்க. சம்மதப் படிவம், டாக்டர் கருத்து எல்லாம் உறையில போட்டு ஒட்டி "ரகசியம்"னு எழுதணும். உறை மேல நோயாளி பேரு கிடையாது. சேர்க்கைப் பதிவேட்டு வரிசை எண்ணும் டாக்டர் பேரும்தான். வரிசை எண் வருஷா வருஷம் புதுசா ஆரம்பிக்கும், 5/2024-ங்கிற மாதிரி. பதிவேட்டை 5 வருஷம் வைக்கணும், கேட்டவனுக்கெல்லாம் காட்டக் கூடாது. இந்த முறை ஏற்கெனவே இருக்கு. தகவலும் அப்படியே எழுதலாம்: "17 வயதுப் பெண், கர்ப்பம் 8 வாரம், சிறுமியும் காப்பாளரும் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டதால் 29.09.2022 தீர்ப்பின்படி பெயர் தரப்படவில்லை, வரிசை எண் இன்னது." அந்த வேண்டுகோள் கடிதத்தையும் உறைக்குள்ளயே வைக்கலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, தயங்கற ஒவ்வொரு வாரமும் அந்தப் பொண்ணுக்குக் கணக்கு. 9 வாரத்துக்குள்ள வந்தா மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி., அப்புறம் மிசோபிராஸ்டால், மாத்திரையிலயே முடியும். தாண்டினா கருவி. 20 வாரம் தாண்டினா ரெண்டு டாக்டர் கருத்து. 24 தாண்டினா கோர்ட்டு வாசல். பேரு போலீசுக்குப் போயிடும்னு ஒரு வதந்தி போதும், 7 வாரத்துல வர வேண்டியவ 22 வாரத்துல வருவா. இல்லேன்னா யாரோ கொடுத்த மாத்திரையை அளவு தெரியாமப் போட்டு ரத்தப்போக்கோட வருவா.

பிரிவு19:
வதந்தி என்று சட்டத்தைச் சொல்லாதீர்கள். காவல் நிலையத்தில் பெயரில்லாத தகவலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். விசாரணைக்கு வருவார்கள்.

ஓபிசீட்டு:
வரட்டும். போக்சோ 24-வது பிரிவைச் சொல்லிக் காட்டுங்க: சிறுமிகிட்ட வாக்குமூலம் வாங்க வர்ற அதிகாரி சீருடையில இருக்கக் கூடாது. 2023-ல சென்னை உயர் நீதிமன்றமும் பேரைக் கேட்டு வற்புறுத்தறது பத்திப் பேசியாச்சு. பேரு கட்டாயமில்லை.

பிரிவு19:
கட்டாயமில்லை என்று நீங்கள் மந்திரம் போல ஓதுகிறீர்கள். கருத்தடை மாத்திரைக்கு வந்த 17 வயதுப் பெண்ணுக்கு எந்தத் தீர்ப்பு? அதற்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.

ஓபிசீட்டு:
அவசர மாத்திரையா? லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டே வேண்டாத மாத்திரை, கடையில வாங்க எந்தப் பேரை எழுதறாங்க?

பிரிவு19:
கடையைக் கேட்கவில்லை. கிளினிக்கைக் கேட்டேன்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். நாப்கின் பற்றிய பதில்களை அந்தத் திரிக்கு மாற்றியிருக்கிறேன்.

மரிக்கொழுந்து:
என் பதிவை மட்டும் மாத்தியிருக்கீங்க. அக்காவோடது இன்னும் இங்கயே இருக்கு.

கிராமச்செவிலி:
என்னோடதுல வயசு, ஹீமோகுளோபின் எல்லாம் இருக்கு தம்பி. அதை நாப்கின் திரிக்குத் தூக்கிட்டுப் போனா யாருக்குப் புரியும்?

ஓபிசீட்டு:
ஐயா, போக்சோ விதிகள் 2020, விதி 6. அவசர சிகிச்சை கொடுக்கறதுக்கு முன்னால எந்தச் சட்டக் காகிதமும் கேட்கக் கூடாது. அதுலயே அவசர கருத்தடை பத்திப் பேசணும்னும் இருக்கு. முதல்ல மாத்திரை, அப்புறம் காகிதம். படிச்சிட்டு வாங்க.

பிரிவு19:
அது பாதிக்கப்பட்ட குழந்தைக்கான விதி. அதாவது குற்றம் தெரிந்த பிறகு. அப்படியென்றால் 19(1) அங்கேயே வந்துவிட்டது. நீங்களும் படித்துவிட்டு வாருங்கள்.