நிட்டிங் மன அமைதி தரும் என்று முதலில் சொன்னவர் யார்? நான் அவரைப் பார்க்க வேண்டும்

வைகைக்கரை:
ஊசியால் உல்லன் நூல் பின்னும் இந்த நிட்டிங் செய்தால் மனசு லேசாகும், தியானம் மாதிரி, கை ஓடும்போது மூளை ஓய்வெடுக்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். ஐந்து மாதம் செய்து பார்த்துவிட்டேன், லேசானது என் பர்ஸ் மட்டும்தான். இது பொழுதுபோக்கே இல்லை, வேண்டுதல். அலகு குத்திக்கொள்வதற்குப் பதிலாக அலுமினிய ஊசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் சண்டைக்கு வாருங்கள். தங்கை பெங்களூரில் இருக்கிறாள், பையனுக்கு ஒரு வயது, மார்கழிக் குளிருக்குப் பெரியம்மா கையால் ஒரு ஸ்வெட்டர் என்று வாயை விட்டுவிட்டேன். ஆரம்பித்தது மதுரையில், மே மாதத்தில். கரண்ட் போன மத்தியானத்தில் மடியில் உல்லன் நூலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கை வியர்த்து நூல் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை, தள்ளினால் நகராது, கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் நாலு கண்ணி சேர்ந்து நுனியிலிருந்து குதித்துவிடும். ஒரு வரிசைக்கு 100 கண்ணி. 73 வரை எண்ணியிருக்கிறேன், வாசலில் பூக்காரம்மா "எத்தனை முழம்மா?" என்கிறார், நான் "எழுபத்து மூணு" என்கிறேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டார்.

பழகுவதற்காக முதலில் பின்னிய மஃப்ளர் இரண்டு ஓரமும் சுருண்டு குழாயாகிவிட்டது. தடித்தடியான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்தேன், எடுத்ததும் திரும்பச் சுருண்டது. வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்து ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனை வழியாக ஜன்னலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஸ்வெட்டர் போன வாரம் முடிந்தது. அமெரிக்க இணையதளத்தில் எடுத்த பேட்டர்ன், அதாவது பின்னல் குறிப்பு. 8-ஆம் நம்பர் ஊசி என்றிருந்தது, கடையில் 8-ஆம் நம்பர் கேட்டு வாங்கினேன். உடம்புச் சுற்றளவுக்கு 100 கண்ணி என்றிருந்தது, 100 போட்டேன். ஒரு எழுத்து பிசகவில்லை. பையனுக்குப் போட்டால் தலையே நுழையவில்லை. நெற்றியில் மாட்டிக்கொண்டு அவன் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். கழற்றி நெஞ்சோடு வைத்துப் பார்த்தால் அங்கேயும் பத்தாது. இப்போது அது எங்கள் வீட்டு ஐந்து லிட்டர் தண்ணீர் கேனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அமைதி என்று சொன்னவர்கள் வரிசையில் வரலாம்.

பனியன் மெஷின்:
திருப்பூரிலிருந்து எழுதுகிறேன் அக்கா. கோபப்படக் கூடாது. எங்கள் யூனிட்டில் 30 இன்ச் டயா (விட்டம்), 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி) மெஷின் ஒன்று ஓடுகிறது, ஊசி மட்டும் 2,260. நூல் ஊட்டும் ஃபீடர் 90, நிமிஷத்துக்கு 25 சுற்று. பெருக்கிப் பாருங்கள், நிமிஷத்துக்கு ஐம்பது லட்சம் கண்ணிக்கு மேல். உங்கள் ஐந்து மாத ஸ்வெட்டரில் ஒரு பதினைந்தாயிரம் கண்ணி இருக்குமா? நான் தும்மி முடிப்பதற்குள் விழுந்துவிடும்.

1589-லேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் சட்டகம் செய்துவிட்டார். கையால் பின்னுகிறவர்கள் பிழைப்பு போய்விடும் என்று எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்ததாகக் கதை. அன்றைக்கு ராணி காப்பாற்றிய பிழைப்பை இன்றைக்கு நீங்கள் காசு கொடுத்து வாங்கி அனுபவிக்கிறீர்கள்.

மஃப்ளர் சுருண்டது மட்டும் உங்கள் கைக் குற்றம் இல்லை. ஒரு பக்கம் முழுக்க நிட் (நேர்க்கண்ணி), மறுபக்கம் முழுக்க பர்ல் (மறுகண்ணி), அதற்குப் பெயர் எங்கள் ஊரில் சிங்கிள் ஜெர்சி. அதன் சுபாவமே அது. பழைய டி-ஷர்ட் ஒன்றைக் கத்தரித்து ஓரத்தை இழுத்துவிட்டுப் பாருங்கள், அதுவும் குழாய்தான்.

குன்னூர் அத்தை:
மெஷின் தம்பி கணக்கு சரி. ஆனால் பெரியம்மா பின்னிய ஸ்வெட்டர் என்று அந்த மெஷின் பில் போட்டுத் தருமா?

நாற்பது வருஷமாகக் கையில் ஊசியோடு இருக்கிறேன், என் அனுபவத்தில் அமைதி உண்டு. வைகைக்கரை, ஒரே ஒரு கேள்வி. மாதிரித் துண்டு போட்டுப் பார்த்தாயா இல்லையா?

வைகைக்கரை:
இல்லை அத்தை. ஸ்வெட்டர் பின்னுவதற்கு முன்னால் ஒரு கைக்குட்டை பின்னி, நனைத்து, காயப்போட்டு, ஸ்கேல் வைத்து அளந்து, அப்புறம் ஸ்வெட்டர் ஆரம்பிக்க வேண்டுமாம். தோசை சுடுவதற்கு முன்னால் ஒரு தோசை சுட்டுப் பார் என்பது மாதிரி இருக்கிறது.

குன்னூர் அத்தை:
கல்லில் முதல் தோசை எதற்கு ஊற்றுகிறாய்? அதை வந்த மாப்பிள்ளைக்கா பரிமாறுகிறாய்?

ஒற்றைக்கொக்கி:
இதற்குத்தான் குரோஷா என்று ஒன்று இருக்கிறது மக்களே. ஒரு கொக்கி, ஒரு கண்ணி. பூக்காரம்மா வந்தால் கொக்கியை உருவிவிட்டுப் போகலாம், போனால் ஒரு கண்ணி போகும். நிட்டிங்கில் நூறு கண்ணியும் ஊசியில் உயிரோடு தொங்கிக்கொண்டிருக்கும், நடுவில் ஒன்று நழுவினால் ஏணி மாதிரி அடிவரை இறங்கும். எங்கள் சென்னையில் 2016-இல் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழு பதினோராயிரம் சதுர மீட்டருக்கு மேல் ஒரே போர்வை போட்டு கின்னஸில் ஏறியது. அத்தனை பெண்கள் அவரவர் வீட்டில் சதுரம் சதுரமாகப் போட்டு ஒன்றாக இணைத்தார்கள். நிட்டிங்கில் செய்து பாருங்கள், பாதிப் பேர் எண்ணிக்கை விட்டுப்போய் அழுதுகொண்டிருப்பார்கள்.

வைகைக்கரை:
குரோஷாவையும் பார்த்தேன். அமெரிக்கக்காரர் சிங்கிள் குரோஷா என்பதை இங்கிலாந்துக்காரர் டபுள் குரோஷா என்கிறார். ஒரே கண்ணிக்கு இரண்டு பெயர், அதுவும் ஒருவர் பெயரை இன்னொருவர் வேறு கண்ணிக்கு வைத்திருக்கிறார். யாரோ வேண்டுமென்றே செய்த மாதிரி இல்லையா?

குன்னூர் அத்தை:
குரோஷா மேசை விரிப்புக்கு அழகு. ஸ்வெட்டர் போட்டால் அட்டை மாதிரி நிற்கும், நூலும் கூடுதலாகத் தின்னும். அதை விடு.

அமெரிக்கா, இங்கிலாந்து என்றதும்தான் எனக்குப் பொறி தட்டியது. நம் ஊர்க் கடைகளில் 8-ஆம் நம்பர் என்று கேட்டால் கொடுப்பது பழைய இங்கிலாந்து நம்பர். எங்கள் நீலகிரியில் கேத்தி ஊசி ஃபேக்டரி இருக்கிறது, இங்கே பாதி வீடுகளில் அந்த ஊசிதான், அதனால் இது எனக்கு மனப்பாடம். பழைய இங்கிலாந்துக் கணக்கு கம்பி அளவுக் கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கும். இங்கிலாந்து 8 என்றால் 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8 என்றால் 5 மில்லிமீட்டர். இரண்டும் ஒத்துப்போகிற ஒரே இடம் 7, அது இரண்டிலும் 4.5. நீ ஒரு நம்பர் தள்ளிப் போய் விழுந்திருக்கிறாய்.

பேட்டர்னில் 4 அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று போட்டிருக்கும், பார். உன் ஸ்வெட்டரில் எண்ணு.

வைகைக்கரை:
எண்ணினேன். பேட்டர்னில் 18. என்னுடையதில் 22.

பனியன் மெஷின்:
அப்படியானால் 100 கண்ணிக்கு 22 இன்ச் வர வேண்டிய இடத்தில் உங்களுக்கு 18 இன்ச். முழுசாக நாலு இன்ச் காணோம். எங்கள் யூனிட்டில் இப்படி ஒரு சரக்கு போயிருந்தால் பையர் போன் பண்ண மாட்டார், நேரில் வந்துவிடுவார்.

வைகைக்கரை:
ஒரு நிமிஷம். ஊசியின் தலையில் "8" என்று பொறித்திருக்கிறது. பேட்டர்னில் "8" என்று அச்சடித்திருக்கிறது. நான் எட்டை எட்டோடு சேர்த்தேன். இதில் என் தப்பு என்ன? மளிகைக் கடையில் ஒரு கிலோ என்றால் எல்லா ஊரிலும் ஒரு கிலோதானே?

ஸ்கார்பரோ பனி:
கனடாவிலிருந்து. இங்கே நிட்டிங் பற்றித் தமிழில் கதைக்க ஆட்கள் கிடைத்ததே பெரிய சந்தோஷம். அத்தையோடு எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடு இல்லை. ஊசி நம்பர் நெஞ்சளவுக்குக் காரணம், ஓம். தலை நுழையாததற்கு அது மட்டும் காரணம் இல்லை. ஒரு வயதுப் பிள்ளையின் தலை 46 சென்டிமீட்டர் சுற்றளவு வரும், எந்தப் பேட்டர்னிலும் கழுத்து அதைவிடச் சிறிதாகத்தான் இருக்கும், இழுபட்டுக் கொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் பின்னுகிறோம். கடைசி வரிசையை காஸ்ட் ஆஃப் செய்யும்போது, அதாவது கண்ணிகளைப் பிரியாமல் மூடி முடிக்கும்போது, புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும், பிரிந்துவிடுமோ என்ற பயத்தில், நூலை இறுக்கி இழுப்பார்கள். கழுத்து கயிறு கட்டிய சாக்கு வாய் மாதிரி ஆகிவிடும். அக்கா, கழுத்து விளிம்பை இழுத்துப் பாருங்கள், கொடுக்கிறதா?

மாதிரித் துண்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் நம்பமாட்டேன். அது பொய் சொல்லும். சின்னத் துண்டு பின்னும்போது கை நிதானமாக இருக்கும், ஸ்வெட்டரில் நடு ராத்திரி ஆனதும் கை இறுகிவிடும்.

குன்னூர் அத்தை:
பொய் சொல்லாது தம்பி, நீ சரியாகக் கேட்கவில்லை. நாலு அங்குலம் மட்டும் போடாமல் ஆறு அங்குலமாகப் போட்டு நடுவில் அளக்க வேண்டும்.

வைகைக்கரை:
நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதற்குள் இழுத்துப் பார்த்துவிட்டேன். கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் வளையல் மாதிரி இருக்கிறது. ஆக எனக்கு ஒரு தப்பு இல்லை, இரண்டு. ரொம்ப நன்றி, ரொம்ப அமைதியாக உணர்கிறேன்.

ஸ்கார்பரோ பனி:
அக்கா, காஸ்ட் ஆஃப் செய்யும் வரிசைக்கு மட்டும் ஒரு அளவு தடித்த ஊசி எடுங்கள், தானாகத் தளர்ந்துவிடும். மனதைத் தேற்றிக்கொள்ள என் கதையைக் கேளுங்கள். வட்ட ஊசியில் 120 கண்ணி போட்டு இணைத்துத் தொப்பி பின்னினேன். இணைக்கும்போது கண்ணி வரிசை ஊசியில் ஒரு முறுக்கு முறுக்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. பத்து வரிசை போன பிறகுதான் விளங்கியது. அதைத் திருத்த வழியே இல்லை, முழுக்கப் பிரிக்க வேண்டும். பேருந்தில் வைத்துப் பிரித்தேன், பக்கத்து இருக்கைக் கிழவி ஒருத்தி என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அமைதி இருக்கிறதா என்றால் எனக்கு இருக்கிறது, ஆனால் அது பின்னி முடிக்கும்போது வருவதில்லை, வெளியில் பனி கொட்டும்போது நேராக நிட், நிட், நிட் என்று போகும் பகுதியில்தான் வரும்.

ஒற்றைக்கொக்கி:
பனி கொட்டினால் யாருக்குத்தான் வராது? மதுரையில் என்ன கொட்டும்?

வைகைக்கரை:
வியர்வை.

பேட்டர்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் ஏமாறக் கூடாது. கைக்குழிக்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி குறை, இப்படிப் பத்து முறை என்றிருந்தது. நல்ல பிள்ளையாகப் பத்து முறையும் குறைத்து முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால், "இதே சமயத்தில் கழுத்துப் பக்கமும் குறைத்துக்கொண்டு வரவும்" என்றிருக்கிறது. இதே சமயத்தில்! முடிந்த பிறகு! சாம்பார் கொதித்து இறக்கிய பிறகு, "முன்னதாகப் பருப்பை ஊறவைத்திருக்க வேண்டும்" என்று எந்தச் சமையல் குறிப்பாவது சொல்லுமா?

குன்னூர் அத்தை:
பேட்டர்னை முதலில் முழுக்கப் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும் கண்ணு. இதையும் சொன்னால் அடிப்பாய் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். உனக்கு அமைதி வராததற்குக் காரணம் நிட்டிங் இல்லை, அவசரம். சரியாகப் பழகுவதற்குள் ஸ்வெட்டர் யார் போடச் சொன்னது? எல்லா வரிசையும் நிட் மட்டும் போட்டு ஒரு மஃப்ளர் போடு, சுருளவும் சுருளாது, எண்ணவும் வேண்டாம்.

வைகைக்கரை:
அதைத்தான் நானும் சொல்கிறேன் அத்தை. அளவு கூடாது, எண்ணக் கூடாது, யாருக்கும் பொருந்த வேண்டியதில்லை என்றால் அமைதி வரும். அப்படியானால் அமைதி தருவது நிட்டிங் இல்லை, ஸ்வெட்டர் போடாமல் இருப்பது. அதை நான் ஐந்து மாதம் முன்னால் இலவசமாகவே செய்துகொண்டிருந்தேன்.

பனியன் மெஷின்:
நான் அக்கா பக்கம்தான், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மெஷினில் எல்லாம் சுத்தம் என்று நினைக்காதீர்கள். ஊசியின் நாக்கு ஒன்று உடைந்தால் அந்த ஒரு கண்ணி விழாமல் துணி நெடுக்கக் கோடு ஓடும். ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தால் இருபது கிலோ ரோல் முழுக்க அந்தக் கோடுதான். உங்களுக்கு ஒரு கண்ணி நழுவினால் குரோஷாக் கொக்கியால் ஏணிப்படி ஏணிப்படியாக மேலே ஏற்றிவிடலாம், நாங்கள் ரோலை செகண்ட்ஸில், அதாவது குறைச் சரக்கில், போட வேண்டும். போன மாதம் அப்படி ஒன்று போனது. அன்றைக்கு நானும் அமைதியாக இல்லை.

ஒற்றைக்கொக்கி:
கவனித்தீர்களா, நிட்டிங் கண்ணியைக் காப்பாற்றவும் குரோஷாக் கொக்கிதான் வர வேண்டியிருக்கிறது.

வைகைக்கரை:
சரி, இன்று மத்தியான நிலவரம். ஸ்வெட்டரைப் பிரிக்க உட்கார்ந்தேன். முதலில் அடி விளிம்பிலிருந்து இழுத்தேன், வரவில்லை, முடிச்சு முடிச்சாக இறுகியது. அப்புறம்தான் தெரிந்தது, ஆரம்பித்த பக்கத்திலிருந்து பிரிக்க வராதாம், முடித்த பக்கத்திலிருந்துதான் பிரியுமாம். கழுத்தில் இறுக்கியிருந்த முடிச்சை ஊக்கு வைத்துக் குடைந்து எடுத்து இழுத்தேன். டர்ர்ர் என்று ஒரு வரிசை போனது. இன்னொன்று. வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார், அவர் கையில் சுற்றிக்கொண்டே வந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, எண்ண வேண்டியதில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஐந்து மாத வேலை முக்கால் மணி நேரத்தில் உருண்டையாகிவிட்டது. ஐந்து மாதத்தில் இன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. எதிர்த்தரப்பு இதை எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

5 மில்லிமீட்டர் ஊசி வாங்கிவிட்டேன். நம்பர் சொல்லவில்லை, ஸ்கேலோடு கடைக்குப் போனேன்.

குன்னூர் அத்தை:
நல்ல பிள்ளை. பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டிருக்கும், அப்படியே பின்னாதே. சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கொடியில் தொங்கவிட்டுக் காயவை. அப்புறம் மாதிரித் துண்டு.

வைகைக்கரை:
அத்தை, 40 கண்ணி போட்டுவிட்டேன்.